பேரப்பிள்ளைகளின் ஸ்பிரிங் ரோல்ஸுக்கு உறைப்பில்லாத சோஸ் எது?

கேள்வி: கனடாவில் இருந்து மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் ஆவணியில் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு ஆறு வயது, ஒன்பது வயது. சின்னவனின் பிறந்தநாளுக்கு மரக்கறி ஸ்பிரிங் ரோல்ஸ் செய்யலாம் என்று இருக்கிறேன். வழக்கமாக நாங்கள் ரோல்ஸுக்கு வைக்கும் சில்லி சோஸைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். தக்காளிச் சோஸ் வைத்தால் வெறும் இனிப்பு, பெரியவர்களுக்குப் பிடிக்காது. கடையில் ‘ஸ்வீட் சில்லி’ என்று இருப்பதை வாங்கலாமா, வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா? இவருக்கு நெஞ்செரிவும் இருக்கிறது. (வாசகி, கொக்குவில்)

பதில்: தக்காளிச் சோஸ் மேல் உங்களுக்கு இருக்கும் மனக்குறை நியாயமானது. உறைப்பு வேண்டாம் என்றதும் நாங்கள் எல்லோரும் செய்கிற பிழை, மிளகாய் இருந்த இடத்தில் சீனியைக் கொண்டுபோய் வைப்பது. அந்த இடம் புளிப்புக்கு உரியது. பொரித்த பண்டம் வாயில் விடும் எண்ணெய்த் தடிப்பைப் புளிப்பு வெட்டும். இனிப்பு மட்டும் என்றால் மூன்றாவது ரோலிலேயே திகட்டிவிடும்.

எங்கள் ஊர் ரோல்ஸுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. இறைச்சியும் உருளைக்கிழங்கும் கறித்தூளும் மிளகுமாக உறைப்பு உள்ளேயே இருக்கும். பாண்தூளில் பிரட்டிப் பொரித்து எடுத்தால், சோஸ் இல்லாமலே ஒரு தேத்தண்ணியோடு போய்விடும். ஸ்பிரிங் ரோல்ஸ் அப்படி அல்ல. சீனர் வசந்தகாலப் புத்தாண்டை ஒட்டிச் செய்த பலகாரம் அது. பெயரில் உள்ள ‘ஸ்பிரிங்’ அந்த வசந்தம்தான். காகிதம் போன்ற கோதுமை மாத் தாளுக்குள் கோவா, கரட், லீக்ஸ், கொஞ்சம் சோயா சோஸ். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லாததால் பாதிச் சுவையைச் சோஸ்தான் கொடுக்க வேண்டும்.

அந்த நாடுகளில் இதற்கு என்ன தொட்டுக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் மிளகாய் முதலிடத்தில் இல்லை. ஷாங்காய்ப் பக்கம் அரிசியில் செய்த கறுப்பு வினாகிரி. ஹொங்கொங்கில் வூஸ்டர் சோஸ். வியட்நாமில் மீன் சோஸ், தேசிக்காய்ப்புளி, சீனி, தண்ணீர் கலந்த ஒரு தெளிந்த நீர். அதில் மிளகாயைக் கூட்டுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். தாய்லாந்தில் ஸ்வீட் சில்லியோடு பிளம் சோஸும் உண்டு. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது புளிப்பு.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆவணி என்றால் நல்லூர்த் திருவிழாக் காலமாக இருக்கலாம். 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை என்றால் போத்தலைக் கவனித்து வாங்குங்கள். வூஸ்டர் சோஸில் வழக்கமாக நெத்தலி இருக்கும். ஒயிஸ்டர் சோஸ் சிப்பியில் செய்வது. மரக்கறி ரோல்ஸ்தானே என்று இவற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிறகு அம்மம்மாமாரிடம் பேச்சு வாங்கக்கூடாது.

சரி, கடைப் போத்தலுக்கு வருவோம். ஸ்வீட் சில்லி வாங்கலாம், ஆனால் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்னால் உள்ள பொருட்பட்டியலில் எடை கூடிய பொருள்தான் முதலில் வரும். சீனி முதலிலும் மிளகாய் நாலாவது, ஐந்தாவது இடத்திலும் இருந்தால் அது பெரியவர்களுக்கு உறைப்பே அல்ல. ஒன்பது வயதுப் பிள்ளை சமாளிக்கும். ஆறு வயதுக்காரன் சமாளிப்பானோ தெரியாது. சோஸை வடித்து விதையை எடுத்துவிட்டால் உறைப்புப் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின் விதையில் உருவாவதில்லை. விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தசையில்தான் உருவாகிறது. போத்தலுக்குள் அது ஏற்கனவே சோஸோடு கலந்திருக்கும். தண்ணீர் விட்டும் இளக்காதீர்கள், சோஸ் ரோலில் ஒட்டாமல் வழிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு பங்கு சோஸுக்கு ஒரு பங்கு மாம்பழக்கூழ் கலந்து, தேசிக்காய்ப்புளி கொஞ்சம் விடுங்கள். ஆவணியில் கறுத்தக்கொழும்பான் முடிந்திருந்தாலும் வேறு ஏதாவது மாம்பழம் சந்தையில் கிடைக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், பிறந்தநாளுக்கு வீட்டில் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். அதுவும் பழப்புளியும் பனங்கட்டியும் சேர்ந்த சோஸ். இவ்வளவு பொருத்தமான இரண்டு சாமான் எங்கள் அடுக்களையில் இருக்க, நாங்கள் போத்தல் தேடி அலைவது எனக்கு இன்றைக்கும் விளங்குவதில்லை.

ஒரு தேசிக்காய் அளவு பழப்புளியை ஒரு கப் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடியுங்கள். பனங்கட்டி 75 கிராம் அளவு தட்டிப் போடுங்கள். குட்டானில் வரும் பனங்கட்டி என்றால் தூசும் ஓலைத்துண்டும் இருக்கும். முதலில் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடித்துக்கொள்வது நல்லது. ஒரு சிறு துண்டு இஞ்சியைத் துருவிப் பிழிந்த சாறு, வறுத்து இடித்த சின்னச்சீரகத் தூள் கால் தேக்கரண்டி, உப்பு. மெல்லிய நெருப்பில் ஏழெட்டு நிமிடம் கொதிக்கட்டும். கரண்டியின் பின்பக்கத்தில் தோய்த்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம். ஆறியதும் இன்னும் தடிக்கும் என்பதால் கொஞ்சம் முன்னமே இறக்கலாம். இஞ்சி ஒரு சின்னச் சுள்ளிடலைக் கொடுக்கும், ஆனால் பிள்ளைகள் அதை உறைப்பாக எடுப்பதில்லை. இது பிரிஜ்ஜில், சுத்தமான மூடிய போத்தலில் ஒரு கிழமை நிற்கும். முதல் நாளே செய்து வைத்தால் சுவை இன்னும் கூடும். பிறந்தநாளன்று உங்களுக்கு ஒரு வேலையும் குறையும்.

ருசி பார்க்கும்போது கரண்டியில் நக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தனியாகப் பார்த்தால் ‘புளிப்புக் கூடிவிட்டதே’ என்று தோன்றும்; உடனே பனங்கட்டியைக் கூட்டுவீர்கள்; பிறகு ரோலோடு சாப்பிட்டால் பாகு போல் இருக்கும். ஒரு ரோலைப் பொரித்து, அதில் தொட்டுப் பாருங்கள். உப்பும் அப்படித்தான். ரோலின் உள்ளே சோயா சோஸ் போட்டிருந்தால் தொட்டுக்கொள்வதில் சோயா வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சோஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆளுக்கு நாள் முழுவதற்கும் சொல்லும் எல்லை 2000 மில்லிகிராம். பிரஷர்காரர் யாராவது வந்து சோயா சோஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கணக்கு என்னாகும் என்று பாருங்கள்.

கனடாப் பிள்ளைகளுக்குக் கடையில் பழகிய சுவை வேண்டும் என்றால் அன்னாசியில் ஒரு இனிப்புப்புளிப்புச் சோஸ் செய்யலாம். ஒரு கப் அன்னாசிச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி தக்காளிச் சோஸ், ஒரு மேசைக்கரண்டி சீனி, உப்பு. கொதித்ததும் ஒரு மேசைக்கரண்டி கோர்ன் ஃபிளவரைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து விட்டுக் கிண்டுங்கள். தடித்து, கண்ணாடி போல் பளபளத்த பிறகுதான் ஒன்றரை மேசைக்கரண்டி வினாகிரி. வினாகிரியை முதலே விட்டு நெடுநேரம் கொதிக்க வைத்தால் புளிப்பு மாவின் பிடிப்பை உடைத்து, சோஸ் திரும்ப நீர்த்துவிடும். தேசிக்காய்ப்புளி விடுவதென்றாலும் இறக்கிய பிறகுதான், கொதித்தால் கசக்கும்.

கச்சான் சோஸ் அருமையானது. வறுத்து அரைத்த கச்சானில் தேங்காய்ப்பாலும் பழப்புளியும் விட்டால் உறைப்பு இல்லாமலே நிறைவாக இருக்கும். ஆனால் பிறந்தநாள் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். வருகிற பிள்ளைகளில் யாருக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் மகளிடம் முதலே கேட்டு வையுங்கள், எள்ளெண்ணெய் உட்பட.

இனி உங்கள் வீட்டுக்காரர். நெஞ்செரிவுக்காரரின் சிக்கல் என்னவென்றால், மிளகாய் மட்டும் அல்ல, புளிப்பும் எண்ணெயும் தக்காளியும் சேர்ந்து அவரைத் தொந்தரவு செய்யலாம். மேலே சொன்ன இரண்டு சோஸும் அவருக்கு அவ்வளவு நல்லதல்ல. அவருக்குத் தயிரில் ஒன்று தனியாகச் செய்யுங்கள். புளிக்காத சட்டித்தயிரைத் துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிட்டுத் தண்ணீரை வடியுங்கள். வெள்ளரிக்காயைத் துருவி, உப்புப் பிரட்டிப் பிழிந்து சேர்த்து, மல்லியிலை அரிந்து போடுங்கள். எல்லோரும் புதினா போடுவார்கள். புதினா சிலருக்கு நெஞ்செரிவைக் கூட்டும், ஆகவே அவருக்கு வேண்டாம். பச்சை உள்ளியும் வேண்டாம். இதைப் பிள்ளைகளும் விரும்புவார்கள். ஆனால் எந்தச் சோஸ் வைத்தாலும் பொரித்தது பொரித்ததுதான். அவர் இரண்டு ரோலோடு நிறுத்துவது சோஸைவிட முக்கியம். வைத்தியர் ஏதாவது விலக்கச் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

தயிரில் அழகுக்காகப் பச்சை அன்னாசித் துண்டு போட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை ஒரு வீட்டு விசேஷத்துக்குக் காலையிலேயே அப்படிச் செய்து மூடி வைத்தேன். பின்னேரம் திறந்தால் வேப்பிலை அரைத்தது போலக் கசப்பு. பச்சை அன்னாசியில் உள்ள நொதியம் பாலின் புரதத்தை உடைப்பதால் வருவது அது. அன்னாசியைக் காய்ச்சிவிட்டால் அந்த வேலை நடக்காது.

தயிர்ச் சோஸை மேசையில் நெடுநேரம் வைக்கவும் கூடாது. பால் சேர்ந்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, 32 பாகைக்கு மேல் வெக்கை என்றால் ஒரு மணி நேரம்தான். ஆவணி வெயிலில் நீங்கள் இரண்டாவது கணக்கையே பிடியுங்கள். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து, முடிந்ததும் புதுக் கிண்ணம் வைப்பது சுலபம்.

இன்னொன்று, சோஸோடு சம்பந்தம் இல்லாதது போல் தெரியும், ஆனால் உண்டு. ரோலைத் தாச்சியில் இருந்து எடுத்த கையோடு பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் நாக்கின் நரம்பில் சூட்டை உணரும் ஒரு நுண்ணிய வாசல்தான் மிளகாயின் எரிவையும் உணர்கிறது. ஏறக்குறைய 43 பாகையில் அது திறக்கும், கப்சைசின் பட்டாலும் திறக்கும். அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021 இல் நோபல் பரிசு கிடைத்தது. சுடச்சுட ரோலும் கொஞ்சம் உறைப்பும் சேர்ந்தால் பிள்ளைக்கு இரட்டிப்பு எரிவு. ஐந்து நிமிடம் ஆறவிட்டால் அதே சோஸ் சாதுவாகிவிடும். தாளின் மொறுமொறுப்பும் போகாது. ஆறும் நேரத்தில் மூடி மட்டும் வைக்காதீர்கள், ஆவியில் தாள் இளகிவிடும்.

உள்ளே வைக்கும் மரக்கறியிலும் கையைக் கட்டுப்படுத்துங்கள். யாழ்ப்பாணத்துக் கை பழக்கதோசத்தில் இரண்டு பச்சைமிளகாயை அரிந்து போட்டுவிடும். உள்ளே உறைப்பு இருந்தால் வெளியில் எந்தச் சோஸ் வைத்தும் பயனில்லை. வெள்ளை மிளகுத்தூள் ஒரு சிட்டிகை போதும். அப்படியும் யாராவது பிள்ளை கண்கலங்கினால் தண்ணீர் கொடுக்காதீர்கள், கப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலோ அந்தத் தயிர்ச் சோஸில் ஒரு கரண்டியோ கொடுங்கள். பால் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு போகும்.

பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். பழப்புளிச் சோஸ் அவர்களுக்கும் பிடிக்கும், பயப்படாதீர்கள். ஆனாலும் ஒரு மாமா கட்டாயம் ‘உறைப்பு ஒன்றும் இல்லையோ’ என்று கேட்பார். அவருக்காக ஒரு சின்னக் கிண்ணத்தில் கட்டைச் சம்பல் இடித்து, பிள்ளைகளின் கை எட்டாத மேசையின் அந்தப் பக்கத்தில் வையுங்கள். வேண்டியவர் தன் தட்டிலேயே சோஸோடு ஒரு சொட்டுக் கலந்துகொள்ளட்டும். ஆளுக்கு ஒரு கரண்டி, கிண்ணத்துக்கு ஒரு கரண்டி; சம்பல் கரண்டி தயிர்க் கிண்ணத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். ஒன்பது வயதுக்காரி அதற்குச் சரியான ஆள்.