வாசகர் கேள்விகளும் எமது பதில்களும்

கேள்வி: நல்லூர்த் தேரன்று கையெடுத்துக் கும்பிடுவோரைவிடக் கைத்தொலைபேசியை உயர்த்துவோரே அதிகம். இதுவும் பக்தியா? (வாசகி, கோப்பாய்)

பதில்: 25 நாள் திருவிழாவின் 24ஆம் நாள் காலையில் தேர் வீதிக்கு வரும்போது டொரன்டோவில் முதல்நாள் இரவு, அங்கே விழித்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு தாய் பிடித்து அனுப்பும் காணொளியை நான் குறைகூற மாட்டேன். ஆனால், பின்னால் நிற்கும் முதியவரின் பார்வையை மறைத்துப் பிடிக்கப்படும் படத்தைப் பக்தி என்று ஏற்க என் மனம் இடம்தரவில்லை.

கேள்வி: பள்ளித்தோழி நாள்தோறும் வாட்ஸ்அப்பில் ‘காலை வணக்கம்’ படம் மட்டும் அனுப்புகிறாள். இது நட்புத்தானா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: 1990களின் முற்பகுதியில் மின்சாரமோ தொலைபேசியோ இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலத்தில், ஒருவர் நலமாக இருக்கிறாரா என்பதை அறிய அவருடைய படலை வரை போகவேண்டியிருந்தது, போனால் பனங்கட்டியுடன் தேநீரும், ஒருமணிநேரப் பேச்சும் தவறாமல் கிடைத்தன. அந்தக் காலத்தின் துன்பத்தை மீண்டும் விரும்புபவர் எவருமில்லை. ஆயினும், விரலால் தொட்டு அனுப்பும் பூப்படம் அந்தப் பேச்சுக்கு ஈடாகாது. அவள் உங்களை மறக்கவில்லை என்பது மட்டும் உறுதி. எனவே, பதிலுக்கு இன்னொரு பூவை அனுப்பாமல் அழைத்துப் பேசுங்கள். அருகில் இருந்தால் நேரில் போய்வாருங்கள்.

கேள்வி: கைத்தொலைபேசி இல்லாமல் ஒருநாள் இருக்க இயலுமா? (வாசகர், மானிப்பாய்)

பதில்: இயலும். வீட்டாரின் இலக்கங்களை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.