பதில்: ஊட்டி மழையில் அழுகும் ஸ்னோஃப்ளேக் கிழங்குகள்

வணக்கம். தொட்டியில் வைத்த சின்ன ஸ்னோஃப்ளேக் (மணி மாதிரி வெள்ளைப் பூ பூக்கும் செடி) கிழங்குகள் ஜூலை மழையில் அழுகிவிட்டன, மிச்சத்தைத் தோட்டத்து மண்ணில் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், நூல் மாதிரி இலை, ஒரு சாண்கூட வராத தண்டு, அது ஏசிஸ் ஆட்டம்னாலிஸ் என்ற சின்ன ஸ்னோஃப்ளேக் வகைதான். போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ பக்கத்துச் செடி. அங்கே கோடையில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மழை அரிது, கிழங்கு காய்ந்த மண்ணில் தூங்கும். நமக்கோ அந்த நேரத்தில்தான் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. நோய் எதுவும் இல்லை, மருந்துக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருக்கும் கிழங்குகளை மட்டும் எடுங்கள். மண்தொட்டியில் பாதி ஆற்றுமணலோ பொடிஜல்லியோ, பாதி இலைமட்கு. 5 செ.மீ. ஆழம் போதும். சாணம் போடாதீர்கள். இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்தி, தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் தள்ளிவிடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை நன்றாக நனைத்தால் இலைக்கு முன்னாலேயே பூத்தண்டு எட்டிப்பார்க்கும். அப்புறம் வரும் இலையை, பச்சையாக இருக்கும்வரை வெட்டக்கூடாது. அடுத்த வருடப் பூவுக்கு அதுதான் சேமிப்பு. வருடாவருடம் தொட்டி மாற்றவும் வேண்டாம், தொந்தரவு செய்தால் கோபித்துக்கொள்ளும்.

தோட்டத்தில் வைத்தே ஆகவேண்டும் என்றால் அதன் பெரிய உறவு லியூகோஜம் ஏஸ்டிவம் வாங்குங்கள். 45 முதல் 60 செ.மீ. வரை வளரும், ஈரமண் அதற்குப் பிடிக்கும். இரண்டுமே விஷக்கிழங்கு, வெங்காயக் கூடைப் பக்கம் வைக்காதீர்கள்.