வீட்டை ஒழித்தால் உடம்பு இளைக்குமா?

வீடு முழுக்கச் சாமான் அடைந்து கிடக்கிறது, எடையும் குறைய மாட்டேன் என்கிறது, வீட்டை ஒழித்துப் போட்டாலே இளைத்துவிடலாம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், இது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி உண்மை. சாப்பாட்டு மேசை, அடுப்பு மேடை, நொறுக்குத் தீனி வைக்கும் இடம் இந்த மூன்றும் அடைசலாக இருந்தால் அது தட்டில் தெரியும். பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவுக்கும் உங்கள் இடுப்புச் சுற்றளவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் மருத்துவரோ உணவியல் நிபுணரோ அல்ல. தாம்பரம் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு. கணவர், மகள், மாமியார், நான். வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. எடையோடு மல்லுக்கட்டுகிற வயது. இதே கேள்வி எனக்கும் வந்ததால் கொஞ்சம் தேடிப் படித்தேன், கொஞ்சம் செய்தும் பார்த்தேன்.

இந்த எண்ணத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பீட்டர் வால்ஷ். ஆஸ்திரேலியாவில் பிறந்து, அமெரிக்கத் தொலைக்காட்சியில் மற்றவர்களின் வீடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்துப் பெயர் வாங்கியவர். சாமான் சேர்வதற்கும் சதை போடுவதற்கும் உள்ள உறவைப் பற்றி 2008இலேயே ஒரு புத்தகம் எழுதினார். அவர் பார்த்தது அமெரிக்க வீடுகள். அங்கே கார் நிறுத்தக் கட்டிய அறையில் கார் நுழைய முடியாத அளவுக்குச் சாமான் இருக்கும். நம் வீடுகளின் அடைசல் வேறு ரகம். இடம் குறைவு, ஆள் அதிகம், எதையும் தூக்கிப் போட மனம் வராத பழக்கம்.

ஆதாரம் என்று இணையத்தில் அதிகம் சுற்றுவது நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் லென்னி வார்டேனியனும் மற்றவர்களும் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. ஏறத்தாழ 100 மாணவிகள். சிலரை ஒழுங்கான சமையலறையில் உட்கார வைத்தார்கள், சிலரைக் காகிதமும் பாத்திரமும் சிதறிக் கிடந்த சமையலறையில். வாழ்க்கை கைமீறிப் போன ஒரு சமயத்தைப் பற்றிச் சிலர் எழுத வேண்டும். எல்லாம் தன் கட்டுக்குள் இருந்த சமயத்தைப் பற்றி வேறு சிலர் எழுத வேண்டும். முன்னால் இனிப்பு பிஸ்கட், உப்பு பிஸ்கட், கேரட். அலங்கோலமான அறையில் இருந்துகொண்டு, கைமீறிப் போனதைப் பற்றி எழுதியவர்கள் இனிப்பு பிஸ்கட்டில் 103 கிலோ கலோரி சாப்பிட்டார்கள். அதே அறையில் கட்டுக்குள் இருந்ததை எழுதியவர்கள் 38தான். உப்பு பிஸ்கட்டிலும் கேரட்டிலும் வித்தியாசமே இல்லை.

இதைச் சொல்கிறவர்கள் 103ஐ மட்டும் சொல்வார்கள், 38ஐ விட்டுவிடுவார்கள். இறைந்து கிடந்த அறை எல்லோரையும் தின்ன வைத்துவிடவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். அவர் ஆய்வு நெறிகளை மீறினார் என்று 2018இல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது. அவருடைய வேறு பல கட்டுரைகளை இதழ்கள் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆகவே இந்த ஒரு பிஸ்கட் கணக்கை நம்பி ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் துடைப்பத்துக்குக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது லாஸ் ஏஞ்சல்ஸில் சாக்ஸ்பி, ரெபெட்டி என்ற இரு உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்டது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 குடும்பங்கள். வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். “அங்கே குவிந்து கிடக்கிறது, இந்த வேலை இன்னும் முடியவில்லை” என்ற தொனியில் பேசிய மனைவிகளுக்கு, மாலையில் இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சரியாக இறங்கவில்லை. கணவர்களிடம் அந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை. (இதற்குப் பல்கலைக்கழகம் வரை போயிருக்க வேண்டாம், எங்கள் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் வந்திருந்தால் போதும்.) ஆனால் கார்ட்டிசாலில் இருந்து தொப்பை வரை இடையில் பல படிகள் உண்டு. அந்த ஆய்வு எடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம்.

எங்கள் சாப்பாட்டு மேசை நான்கு பேர் உட்காரக்கூடியது. அதில் ஒரு வாரச் செய்தித்தாள், அத்தையின் மாத்திரை அட்டைகள், சார்ஜர் ஒயர்கள், மகளின் ரெக்கார்டு நோட்டு, ஊறுகாய் பாட்டில், ரப்பர் பேண்ட் போட்ட மிக்சர் பாக்கெட். மேசையில் இடம் இல்லாததால் எல்லோரும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போவோம். ஹாலில் டிவி. மடியில் தட்டு, கண் சீரியலில், மறுசோறு எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. கவனம் வேறிடத்தில் இருக்கும்போது சாப்பிட்டால் என்ன ஆகிறது என்று 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் ஒரு கட்டுரை வந்தது. அந்த வேளையில் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகிறது. அதைவிட முக்கியம், அடுத்த வேளையில் இன்னும் கூடுதலாகப் போகிறது. சாப்பிட்டது நினைவில் சரியாகப் பதியாததால் வயிறும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. மேசையைக் காலி செய்ததில் எனக்குக் கிடைத்த பலன் இதுதான். மாத்திரைகளுக்குச் சுவரில் ஒரு பை, நோட்டுகளுக்கு மகளின் அறை, பேப்பருக்கு பால்கனி. அவ்வளவுதான் வேலை.

அடுத்தது அடுப்பு மேடை. இரவு எட்டரை மணிக்குக் குக்கர் தொட்டியில் காலைப் பருக்கையோடு ஊறிக்கொண்டிருக்கும். மேடையில் மிக்சி, அதன் மூன்று ஜார்கள், காலி எண்ணெய் கேன், மதியம் வந்த கொத்தமல்லிக் கட்டு. வெண்டைக்காய் நறுக்கப் பலகை வைக்க இடம் கிடையாது. முதலில் அரை மணி நேரம் துலக்கி, ஒதுக்கி, அதற்குப் பிறகு சமைக்க வேண்டும் என்றால் எந்த மனிதருக்கும் கை போனுக்குத்தான் போகும். நான்கு பரோட்டா, ஒரு சால்னா, கூடவே “சும்மா ஒன்று” என்று சிக்கன் 65.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த மேடையையும் அலமாரியையும் அடைத்துக்கொண்டிருந்தது என்ன என்று பார்த்தால், பாதிக்கு மேல் பார்சல் டப்பாக்கள். கருப்பு அடி, வெள்ளை மூடி. அத்தை ஒன்றையும் தூக்கிப் போட விடமாட்டார். “நல்ல டப்பாம்மா, எதற்காவது ஆகும்” என்று கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார். மூடி ஒரு இடத்தில், டப்பா ஒரு இடத்தில், எதற்கு எது பொருந்தும் என்று யாருக்கும் தெரியாது. ஆக, பார்சல் வாங்கியதால் டப்பா சேர்ந்தது. டப்பா சேர்ந்ததால் மேடையில் இடம் போனது. இடம் போனதால் மறுபடியும் பார்சல். அடைசல் எடையைக் கூட்டியதா, எடையைக் கூட்டிய சாப்பாடு அடைசலைக் கொண்டுவந்ததா என்றால் எங்கள் வீட்டில் இரண்டாவதுதான் முதலில் நடந்தது. அத்தையிடம் சண்டை போடவில்லை. மூடி பொருந்தும் டப்பாக்கள் ஒரு கூடைக்குள் அடங்கும் வரை அவருடையது, கூடைக்கு வெளியே போனால் என்னுடையது என்று பேசி முடித்தோம். இரவு படுக்கும் முன் குக்கரைக் கழுவிக் கவிழ்ப்பது கணவரின் வேலை. ஒழுங்கைப் பற்றிய அறிவுரை எல்லாம் கடைசியில் பெண்கள் தலையில் வந்து விழுவதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தால் ஒல்லியாக இருந்திருப்பாய் என்று ஒரு பெண்ணிடம் சொல்வது, ஒரே அடியில் இரண்டு குற்றம் சுமத்துவது.

மூன்றாவது நொறுக்குத் தீனி. கேம்பிரிட்ஜில் 2018இல் ஒரு சோதனை செய்தார்கள். சாக்லேட் கிண்ணத்தைச் சிலருக்கு 20 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தார்கள், சிலருக்கு 70 சென்டிமீட்டர் தூரத்தில். இரண்டுமே கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். இருந்தாலும் பக்கத்தில் இருந்தபோது எடுத்துத் தின்றவர்கள் அதிகம். இந்த விஷயத்தில் நம் பாட்டிகளின் எவர்சில்வர் சம்படம் கெட்டிக்காரத்தனமான சாதனம். உள்ளே இருப்பது தெரியாது, மூடி இறுக்கம், திறந்தால் சத்தம் வேறு. இப்போது ஒழுங்கு என்ற பெயரில் விற்கிற கண்ணாடி ஜாடி வரிசை பார்க்க அழகுதான். ஆனால் முறுக்கையும் தட்டையையும் காட்சிக்கு வைத்துக்கொண்டு வாயைக் கட்டு என்றால் எப்படி? பருப்புக்கும் பயறுக்கும் கண்ணாடி ஜாடி வையுங்கள். முறுக்கு தூக்குக்குள் போகட்டும், தூக்கு மேல் தட்டுக்குப் போகட்டும். மாதச் சாமானோடு “இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்” என்று வருகிற பாக்கெட்டுகளைக் கடையிலேயே விட்டுவிடுவது இன்னும் நல்லது. வீட்டுக்குள் வந்தது எப்படியும் வயிற்றுக்குள் போகும்.

பெருக்கித் துடைத்து, பரண் ஏறி இறங்கினால் அதுவே உடற்பயிற்சிதானே என்று பலர் கேட்பார்கள். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் பெருக்கினால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் சுமார் 150 கிலோ கலோரி செலவாகும். 30 கிராம் மிக்சரில் அது திரும்பி வந்துவிடும். நாள் முழுக்க எழுந்து நடமாடிக்கொண்டே இருக்கிற பழக்கத்துக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை போகிக்கு முன்னால் நடக்கும் பெரிய ஒழிப்பு எங்கள் வீட்டில் எப்படி முடியும் தெரியுமா? தூசியில் தும்மித் தும்மி, இடுப்பு பிடித்து, சமைக்க யாருக்கும் தெம்பில்லாமல் மதியம் பிரியாணிப் பொட்டலத்தில் முடியும்.

துணி காயப் போடுகிற கொடியாகிவிட்ட உடற்பயிற்சி சைக்கிளை விற்கலாமா என்று யாராவது கேட்டால், விற்றுவிடுங்கள் என்பேன். மொட்டை மாடியில் நடக்கக் காசு கிடையாது. “இளைத்ததும் போட்டுக்கொள்ளலாம்” என்று பீரோவில் அடுக்கிய பழைய ஜாக்கெட்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தையல்காரர் பக்கவாட்டில் விட்டிருக்கும் உள்தையல்களில் இப்போது எந்தத் தையல் வரை பிரித்திருக்கிறது என்று பார்த்தால் போதும், எடை இயந்திரத்தைவிடத் தெளிவாகச் சொல்லும். அளவு நாடா இருந்தால் இந்தியப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90க்குள் என்பது மருத்துவர்கள் சொல்லும் வரம்பு.

எனக்குக் குறைந்ததா? அந்த வருடத்தில் நான்கு கிலோ போலக் குறைந்தது. அதே வருடம் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கவும் தொடங்கியிருந்தேன், டீயில் சர்க்கரையையும் விட்டிருந்தேன். எது எவ்வளவு குறைத்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மேசையின் பங்கு இருந்திருக்கும், பாதிக்கு மேல் இருந்திருக்காது என்பது என் ஊகம். தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடையுள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். அந்தச் சில வருடங்களில் மாநிலம் முழுக்க வீடுகள் திடீரென்று அலங்கோலமாகிவிடவில்லையே.

இரண்டு சூழ்நிலைகளில் நான் சொன்ன எதுவும் உதவாது. ஒன்று, கிழிந்த காகிதத்தைக்கூட விட முடியாமல், விடச் சொன்னால் பதறி, நடக்க வழியில்லாத அளவுக்குச் சேர்த்து வைப்பது. 2013 முதல் இது தனி மனநலக் கோளாறாகவே அமெரிக்க மனநலக் கையேட்டில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு உடல் பருமனும் அதிகம் என்று 2008இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவர். குப்பை வண்டியை வரவழைத்தால் நிலைமை மோசமாகும். இரண்டு, வீட்டைத் தொடவே தெம்பில்லை, எப்போதும் தூக்கம், முடி கொட்டுகிறது, மாதவிலக்கு தப்புகிறது, கூடவே எடை ஏறுகிறது என்றால். தைராய்டு குறைவாக இருந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் வீடும் உடம்பும் சேர்ந்தே இப்படி ஆகும். உங்களுக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் மேசை அப்படியே கிடக்கட்டும், முதலில் போய் தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைப் பாருங்கள்.