கிராபிக்ஸ் கார்டு கொதிக்கிறது, புதுசு வாங்கிவிடவா?

கேள்வி: போன வருடம் பார்ட்ஸ் எல்லாம் தனித்தனியாக வாங்கி நானே ஒரு கேமிங் பிசி அசெம்பிள் செய்தேன். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டும் செகண்ட் ஹேண்ட். கேம் ஆரம்பித்து இருபது நிமிடத்தில் 87 டிகிரிக்குப் போகிறது, ஃபேன் இரைச்சல் பக்கத்து அறை வரை கேட்கிறது, படம் திக்கித் திக்கி ஓடுகிறது. கடையில் காட்டினால் "கார்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்கிறார்கள். வாங்கிவிடவா, இல்லை வாட்டர் கூலர் போட்டால் சரியாகுமா?
– மதுரை வாசகர்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இந்த கார்டின் சிப்பை வடிவமைத்த என்விடியா கம்பெனி சொல்லும் உச்ச வரம்பு 93 டிகிரி. அதை நெருங்க நெருங்க கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உங்கள் படம் திக்குவது பெரும்பாலும் அதனால்தான். கார்டே போயிருந்தால் திரையில் கோடு விழும், கட்டம் கட்டமாக நிறம் மாறும், திடீரென்று எல்லாம் கறுத்துப்போகும். நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

முதலில் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேமை அதே நேரம் ஆடிப் பாருங்கள். சூடு எட்டு, பத்து டிகிரி இறங்கினால் குற்றம் கார்டில் இல்லை, கேபினட்டுக்குள் காற்று வரவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட்டுகள் பார்க்க அழகுதான், ஆனால் ஓரத்தில் விரல் நுழையாத ஒரு இடுக்கு வழியாகத்தான் மூச்சுவிடும். நான் முன்பு வைத்திருந்ததும் அந்த ரகம். மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த இடுக்குக்கு வெளியே பிடித்தேன். புகை உள்ளே போகாமல் நேராக மேலே எழும்பியது, அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. முன்பக்கம் வலை இருந்தால் காற்றை உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், பின்னால் வெளியே தள்ள ஒன்று போதும். முன்பக்கம் அடைத்திருந்தால் எத்தனை ஃபேன் போட்டாலும் வீண், அப்போதுதான் வலை வைத்த கேபினட்டுக்குப் பணம் செலவழிக்கலாம். கடையில் விற்கும் வாட்டர் கூலர்கள் பெரும்பாலும் பிராசசருக்கானவை, அதை வாங்கி மாட்டினால் கார்டின் சூடு அப்படியேதான் இருக்கும்.

மூடியைத் திறந்தும் சூடு இறங்கவில்லையா? ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ஜிபியு (கார்டின் முக்கிய சிப்) வெப்பம், ஹாட்ஸ்பாட் (அந்தச் சிப்பிலேயே மிகச் சூடான இடம்) என்று இரண்டு எண்கள் தெரியும். இரண்டுக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் சகஜம். 25-ஐத் தாண்டினால் சிப்புக்கும் அதன் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்குக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று சந்தேகப்படலாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையை (கார்டுகளை ஓயாமல் கணக்குப் போடவைத்து நாணயம் ஈட்டுவது) கைவிட்டதும், அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாக செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன, உங்களுடையது அதில் ஒன்றாகவும் இருக்கலாம். புது பேஸ்ட் சில நூறு ரூபாய்தான். ஆனால் வாரண்டி பாக்கி இருந்தால் ஸ்க்ரூமேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழிக்கும் முன் கம்பெனிக்கு மெயில் போட்டு, திறந்தால் வாரண்டி போகுமா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், உள்ளே மெமரி சிப்புகள்மேல் இருக்கும் தெர்மல் பேடைக் கிழிக்காதீர்கள். கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும், தடிமன் மாறினால் ஹீட்சிங்க் சிப்பில் சரியாகப் படியாமல் சூடு முன்பைவிடக் கூடும். தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும்.

இதெல்லாம் செய்ய நேரம் கிடைக்கும்வரை எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை) 80 சதவீதத்துக்கு இறக்கி வையுங்கள். கார்டு இழுக்கும் 170 வாட் சுமார் 136 ஆகும், சூடும் சத்தமும் நன்றாகக் குறையும், கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று, மதுரை மே மாத மதியத்தில் எடுத்த எண்ணையும் இரவு ஏசியில் எடுத்த எண்ணையும் ஒப்பிடாதீர்கள். அறை பத்து டிகிரி சூடானால் கார்டும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். மூடி போட்டு ஒன்று, கழற்றி ஒன்று, ஹாட்ஸ்பாட் ஒன்று என்று மூன்று எண்களையும் ஒரே மாலையில் குறித்து எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.