கையாலேயே ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் செய்து, அதைக் கிட்டார் செய்யும் மற்றவர்களிடம் காட்டிய அனுபவம் உண்டா?

உண்டு. இதுவரை இரண்டு செய்திருக்கிறேன், மூன்றாவது பாதியில் இருக்கிறது. காட்டுவதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் காட்டுங்கள். ஆனால் பாலிஷ் போட்டு, கம்பி கட்டி, எல்லாம் முடிந்த பிறகு அல்ல. முதுகுப் பலகையை ஒட்டிப் பெட்டியை மூடுவதற்கு முன்னால் காட்டுங்கள். இது எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் என் முதல் கிட்டாரின் முதுகு வெடித்திருக்காது.

நான் திருச்சி. துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை. வெல்டிங், கிரைண்டிங் என்று இரும்போடு பழகிய கை. பத்து வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறேன். ஒன்றை நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் வந்தபோது, அளவு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். இரும்பில் அப்படித்தான். மரத்தில் 38 சென்டிமீட்டர் அகலப் பலகை ஐப்பசியில் ஒரு அளவு இருக்கும், சித்திரையில் வேறு அளவு இருக்கும்.

எடுத்துக்கொண்ட வடிவம் ஓஎம், அதாவது ஆர்க்கெஸ்ட்ரா மாடல். அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி 1929-ல் கொண்டுவந்தது. இடுப்பு ஒடுங்கி, கீழ்ப்பகுதி 15 அங்குலம் அகலம். முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் ஈட்டி மரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். தோதகத்தி என்றாலும் ரோஸ்வுட் என்றாலும் இதுவேதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைகிற மரம். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அருகியதும் 1969-ல் மார்ட்டின் இந்த மரத்துக்கு மாறியது. இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையில் கிட்டார் செய்கிறவரிடமும் 'இந்தியன் ரோஸ்வுட்' என்று சொன்னால் கண் விரியும். நாம் அதைக் கட்டிலாகவும் மேஜையாகவும்தான் பார்த்து வளர்ந்திருக்கிறோம். எனக்கும் அது கட்டிலாகத்தான் கிடைத்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு கட்டிலின் தலைமாட்டுப் பலகை. வைரம் பாய்ந்த மரம், ரேகை நேராக ஓடியது, எத்தனையோ வருஷம் காய்ந்தது. சாமில்லில் கொடுத்து 4 மில்லிமீட்டர் தகடுகளாக அறுத்து வாங்கினேன். புத்தகத்தைத் திறந்து வைத்தது போல இரண்டு தகட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, இரண்டு பக்கமும் ஒரே ரேகை கண்ணாடியில் தெரிவது மாதிரி விரிந்தது. அன்று ராத்திரி அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல்பலகை மட்டும் வெளியிலிருந்து வாங்கியது. சிட்கா ஸ்புரூஸ், அலாஸ்கா பக்கத்து மரம். எடை குறைவு, நீளவாக்கில் விறைப்பு அதிகம். கிட்டாருக்கு வேண்டியது இந்தச் சேர்க்கைதான். ஸ்பெயினில் அந்தோனியோ தே தோரஸ் என்று ஒரு மேதை இருந்தார். கிட்டாரின் உயிர் மேல்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக 1862-ல் ஒரு கிட்டார் செய்தார். மேல்பலகை மட்டும் மரம். முதுகும் பக்கவாட்டும் காகித அட்டை! அது இன்னும் பார்சிலோனாவில் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஈட்டிக்காக நான் அலைந்த அலைச்சலில் பாதியை மேல்பலகைக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது.

பக்கவாட்டுப் பலகையை வளைக்கிற வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லோரும் பயப்படுகிற இடம் அதுதான். இரண்டரை அங்குலக் குழாய் ஒன்றை வைஸில் நிறுத்தி, உள்ளே புளோ டார்ச் நெருப்பைவிட்டுச் சூடாக்குவேன். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் உருண்டு ஓட வேண்டும், அதுதான் சூட்டின் கணக்கு. 2 மில்லிமீட்டருக்கு இழைத்த பலகையை நனைத்து, இடுப்பு வளைவு வரும் இடத்தைக் குழாய்மேல் வைத்து, இரண்டு கையாலும் லேசாக அழுத்திக்கொண்டே முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. ஆவி கிளம்பும், ரோஸ்வுட்டின் இனிப்பான மணம் பட்டறை முழுக்க நிறையும். அப்புறம் திடீரென்று பலகை வெண்ணெய் போல இளகும். அந்த இளக்கம் உள்ளங்கையில் தெரியும். அதற்கு முன்னால் அவசரப்பட்டு அழுத்தினால் போச்சு. என் முதல் பலகை அப்படித்தான் இடுப்பில் 'டப்' என்று பிளந்தது. காலிப்பரில் பார்த்தால், அந்த இடம் மட்டும் 2.4 மில்லிமீட்டர் இருந்தது.

ஃபிரெட் என்பது கழுத்தின்மேல் குறுக்கே பதிக்கிற உலோகக் கம்பி, விரலால் அழுத்தும்போது ஸ்வரத்தைப் பிரித்துக் கொடுப்பது. அதன் கணக்கு எனக்குச் சுலபமாக வந்தது. கம்பியின் நீளம் 645 மில்லிமீட்டர் என்றால், அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட் 36.2-ல் விழும். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது 70.4, மூன்றாவது 102.6, பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 322.5. ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு ஃபிரெட்டையும் நட்டிலிருந்து, அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டையிலிருந்து, அளந்து குறியுங்கள். முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளந்தால் சின்னச் சின்னப் பிசகு சேர்ந்து, கடைசி ஃபிரெட்டில் கேட்கிற அளவுக்கு வந்துவிடும்.

இனி என் தப்பு. மேல்பலகைக்கும் முதுகுக்கும் உள்ளே ஒட்டுகிற சட்டங்களை பிரேஸ் என்பார்கள். ஆறு இரும்புக் கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுவையை 3 மில்லிமீட்டர்கூட இல்லாத பலகை தாங்குவது இந்தச் சட்டங்களால்தான். நான் இவற்றை ஒட்டியது ஐப்பசி கடைசியில், அடைமழை நாளில். பட்டறையில் ஈரப்பதம் எவ்வளவு என்று பார்க்கவே இல்லை, பார்க்கவேண்டும் என்றும் தெரியாது. தை மாதம் கம்பி கட்டியபோது நன்றாகத்தான் பாடியது. சித்திரை வெயில் ஏறியதும் மேல்பலகை உள்வாங்கியது, கம்பிகள் ஃபிரெட்டில் இடித்து இரைந்தன. ஒரு மத்தியானம் முதுகின் இரண்டு தகடும் சேரும் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. காரணம் எளிது. பலகை ஈரத்தில் குறுக்குவாட்டில் உப்பியிருந்தபோது, நீளவாக்கில் அசையாத சட்டத்தோடு அதை ஒட்டிவிட்டேன். வெயிலில் பலகை சுருங்கப் பார்த்தது, சட்டம் விடவில்லை. பலகை எங்கே போகும்?

வெடிப்பை வச்சிரம் வைத்து அடைத்து, உள்ளே சின்னச் சின்ன மரத்துண்டுகள் ஒட்டிச் சரிசெய்தேன். அந்தத் தழும்போடுதான் அதைப் பெங்களூருக்கு எடுத்துப்போனேன். அங்கே ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடிப் பட்டறையில் வருஷத்துக்கு இரண்டு தடவை ஏழெட்டுப் பேர் கூடுவோம். எல்லோரும் கையால் வாத்தியம் செய்கிறவர்கள். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் ரிட்டயர்டு ரயில்வே ஊழியர். நான் முதல் தடவை போனது அப்போதுதான்.

வாசித்துப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் வாசிக்கவில்லை. ஒருவர், பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் சின்ன டார்ச்சையும் ஒலித்துளை வழியாக உள்ளே விட்டு ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்தார். இன்னொருவர் நீளமான நேர்ச்சட்டத்தை ஃபிரெட்டுகளின்மேல் வைத்து, அது பிரிட்ஜின், அதாவது மேல்பலகையில் கம்பிகளைக் கட்டும் கட்டையின், தலையை உரசிக்கொண்டு போகிறதா என்று பார்த்தார். ரயில்வே அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் மேல்பலகையின் ஓரம் முழுக்க அழுத்திக்கொண்டே வந்தார். கீழ்ப்பகுதியில், தடித்த மந்தரக் கம்பிப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இங்க இறுக்கமா இருக்கு தம்பி. பெட்டி மூச்சு விடல. கம்பிய இறக்கட்டுமா?"

இறக்கினார். 10 சென்டிமீட்டர் துளைக்குள் கையைவிட்டு, விரலளவு இழைப்புளியால் மேல்பலகைக்கு உள்ளே எக்ஸ் வடிவத்தில் நிற்கும் பிரேஸின் கீழ்க்காலைத் தடவித் தடவிச் சீவினார். கண் பார்க்கவே முடியாது, விரல்தான் பார்க்கிறது. ஸ்புரூஸ் சுருள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து அவர் மடியில் விழுந்தன. எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி இருக்கும். மறுபடி கம்பி கட்டி, தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். முன்பு 'தொம்' என்று அடங்கிவிடும் ஒலி, இப்போது நின்று கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சொன்னது இதுதான்: "இத மூடறதுக்கு முன்னாடி கொண்டு வந்திருந்தா வெளிச்சத்துல பண்ணியிருக்கலாம்." முதுகின் வெடிப்பைப் பார்த்ததும் ஈரப்பதமானியைப் பற்றியும் சொன்னார். 45 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பிரேஸ் ஒட்ட வேண்டும். நம் ஊரில் மாசி, பங்குனி மத்தியானங்களில் அது தானாகவே வரும். மற்ற மாதங்களில் ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்பு போட்டுப் பலகையைக் காயவைத்து எடுக்கலாம். இரண்டாவது கிட்டாரை அப்படித்தான் செய்தேன். இரண்டு கோடை தாண்டிவிட்டது, அசையவில்லை.

கிட்டார் செய்கிறவர்களிடம் மட்டும்தான் காட்ட வேண்டும் என்றில்லை. என் இரண்டாவது கிட்டாரைத் தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அவர்கள் பலா மரத்தில் குடம் குடைகிறவர்கள். பெரியவர் விரல் முட்டியால் மேல்பலகையை நாலைந்து இடத்தில் தட்டிவிட்டு, "பலகை நல்லா பேசுது" என்றார். பிறகு ஃபிரெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத நகத்த முடியாதா?" என்று கேட்டார். வீணையில் ஃபிரெட்டுக்கு மெட்டு என்று பெயர், 24 மெட்டுகளும் மெழுகில்தான் உட்காரும். மேளம் கட்டும்போது, அதாவது மெட்டுகளைப் பதிக்கும்போது, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டாக நிறுத்துவார்கள். சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மறுபடி வைக்கலாம். இதில் ஒருதடவை அறுத்தால் அறுத்ததுதான் ஐயா, கணக்குப் போட்டு அறுக்கிறோம் என்றேன்.

மந்தரக் கம்பியை வெறுமனே ஒலிக்கவிட்டு, நான்காவது ஃபிரெட்டை அழுத்தச் சொன்னார். இரண்டு மூன்று தடவை கேட்டார். "அந்தர காந்தாரம் கொஞ்சம் ஏறி நிக்குதே தம்பி."

நான்காவது ஃபிரெட்டில் விழுகிற ஸ்வரம்தான் அந்தர காந்தாரம். அது ஏறித்தான் நிற்கும். ஒரு ஸ்தாயியைச் சமமாகப் பன்னிரண்டாகப் பிரிக்கிற கணக்கில், இயற்கையான காந்தாரத்தைவிடக் கிட்டாரின் காந்தாரம் 14 சென்ட் உயர்ந்துதான் விழும். சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. நான் கால்குலேட்டரில் படித்துத் தெரிந்துகொண்ட 14 சென்டை அவர் காதாலேயே சொல்லிவிட்டார். பட்டறை வாசலில் பலாச் சீவல் குவியல்மேல் உட்கார்ந்து அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம்.

நீங்கள் செய்யப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். நேரில் காட்ட ஆள் இல்லாவிட்டால் படம் அனுப்பலாம். ஆனால் வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக விழட்டும், ஒட்டு விட்ட இடமும் இழைப்பின் மேடுபள்ளமும் அப்போதுதான் தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். மேல்பலகையை விளிம்பில் பிடித்துத் தட்டி, அந்த ஒலியைப் பதிவுசெய்தும் அனுப்புங்கள். பலகையின் கனத்தைப் பத்து இடத்திலாவது அளந்து, பலகையின் மேலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் பதில் வரும். 'இந்தக் காலை இன்னும் சீவலாமா?' என்று கேளுங்கள். இதைவிட முக்கியம், வாங்கியதைக் கொடுங்கள். எனக்கு ஓஎம் வரைபடம் கொடுத்தவர் ஒரு பைசா வாங்கவில்லை. நான் இரும்பு வேலைக்காரன் என்பதால், பக்கவாட்டு வளைக்கும் குழாயை அந்தக் கூட்டத்தில் நாலு பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது கிட்டாரின் பெட்டி இப்போது முதுகு ஒட்டாமல் திறந்தபடி பெங்களூரில் ரயில்வே அண்ணன் மேஜையில் இருக்கிறது. மேல்பலகையும் பழைய மரம்தான் இந்தத் தடவை. கீழ்க்கால்கள் இரண்டையும் 8 மில்லிமீட்டர் அகலத்திலேயே விட்டுவைத்து, உயரத்தைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் போனதும் இருவரும் சேர்ந்து சீவுவதாகப் பேச்சு.