பழைய மாணவனின் கம்பனியில் பணிக்கொடைக் காசைப் போடலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் படித்த மாணவர் ஒருவர் மட்டக்களப்பு நகரில் ஆறு பேரை வைத்து நிதி ஆலோசனைக் கம்பனி நடத்துகிறார். வரிக் கோப்பு செய்வது, வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதுவது, கொழும்புப் பங்குச் சந்தையில் எதை வாங்கலாம் என்று சொல்வது, இவைதான் தொழில். பணிக்கொடையில் 15 இலட்சம் ரூபாவைப் போட்டால் 10 சதவீதப் பங்கும், மாதம் 3 சதவீத ‘இலாபமும்’ தருவார்களாம். மாணவர் நேரே வரவில்லை, ஒரு தரகர்தான் வந்து பேசுகிறார். ஆண்டு வருமானம் 60 இலட்சம், செலவு போக மிச்சம் 24 இலட்சம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்திருக்கிறார். கணக்கியல் படிக்கும் மகளுக்கு அங்கேயே வேலையும் உண்டாம். “பெடியன் நல்லவன். ஆனால் இரண்டு வருடத்தில் மகளின் கலியாணத்துக்குக் கேட்டால் காசு திரும்பி வருமா? என்ன கடுதாசி எழுதி வாங்க வேண்டும்?” என்று கேட்கிறார்.

ரீச்சர், திரும்பி வருமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பங்காகப் போட்ட காசு கேட்ட நேரத்தில் திரும்பி வராது. உங்கள் மாணவர் தங்கமான பிள்ளையாக இருந்தாலும் வராது. கடனாகக் கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கும். பங்கு வாங்கினால் அந்தக் காசு கம்பனியின் மூலதனம் ஆகிவிடுகிறது. வெளியே வர ஒரே வழி, உங்கள் பங்கை வாங்க இன்னொருவர் வர வேண்டும். கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனி என்றால் தரகு நிறுவனத்துக்குச் சொல்லிச் சில நாட்களில் விற்றுவிடலாம். ஆறு பேர் வேலை செய்யும் ஒரு தனியார் கம்பனியின் 10 சதவீதத்தை வாங்க மட்டக்களப்பில் யார் காத்திருக்கிறார்கள்? முதலாளி ஒருவர்தான். அவரிடம் அன்றைக்குக் காசு இருக்க வேண்டும், வாங்க மனமும் இருக்க வேண்டும். கலியாணத் திகதி அதற்காகக் காத்திருக்காது.

அடுத்தது அந்த மாதம் 3 சதவீதம். இதைத்தான் நான் கூடுதலாகப் பேசப் போகிறேன், ஏனென்றால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு எண்ணில்தான் வந்து நிற்கின்றன.

கணக்குப் பாடம் எடுத்த உங்களுக்கு இது கடினமில்லை. 15 இலட்சத்துக்கு மாதம் 3 சதவீதம் என்றால் 45,000 ரூபா, வருடத்துக்கு 5 இலட்சத்து 40 ஆயிரம். உங்களுடையது பத்தில் ஒரு பங்கு. உங்களுக்கு அவ்வளவு வர வேண்டுமென்றால், கம்பனி வருமான வரி கட்டிய பிறகு 54 இலட்சத்தைப் பங்குதாரர் எல்லோருக்கும் பிரிக்க வேண்டும். கம்பனி வரி 30 சதவீதம். ஆக, வரிக்கு முந்திய இலாபமே 77 இலட்சம் வேண்டும். மொத்த வருமானமே 60 இலட்சம் என்று அவர்களே எழுதித் தந்திருக்கிறார்கள்! அப்படியானால் அந்த 45,000 எங்கிருந்து வரும்? உங்கள் 15 இலட்சத்திலிருந்தே வரும். அது கரைந்ததும் அடுத்த ரீச்சரின் 15 இலட்சத்திலிருந்து வரும்.

அந்த 24 இலட்சத்தையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் முதலாளி தனக்குச் சம்பளம் எடுக்காமல் காட்டும் மிச்சமாகத்தான் அது இருக்கும். அவர் செய்யும் வேலையை இன்னொருவரை வைத்துச் செய்வித்தால் மாதம் ஒன்றரை இலட்சமாவது கொடுக்க வேண்டும். வருடம் 18 இலட்சம் போனால் மிச்சம் 6 இலட்சம். அதில் வரி 1 இலட்சத்து 80 ஆயிரம். மீதி 4 இலட்சத்து 20 ஆயிரத்தையும் முழுதாகப் பிரித்தால் உங்கள் பங்கு 42,000. பங்கிலாபத்தில் 15 சதவீதத்தைக் கம்பனி பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். கைக்கு வருவது 35,700. மாதத்துக்கு இல்லை ரீச்சர், வருடத்துக்கு. போட்ட காசுக்கு இரண்டரை சதவீதம்கூட இல்லை. அதுவும் பணிப்பாளர்கள் பங்கிலாபம் அறிவித்தால்தான். பங்கிலாபம் கொடுத்த பிறகும் கடன்களைக் கட்டும் நிலையில் கம்பனி இருக்கிறதா என்ற சோதனையைத் தாண்டினால்தான் அறிவிக்கவும் சட்டம் விடுகிறது.

இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் ஒரே தொகை என்றால் அதற்குப் பங்கு என்று பெயரில்லை. அது வைப்பு. பொதுமக்களிடம் வைப்பு எடுக்க மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் எடுப்பது குற்றம். ‘பங்கு’ என்று மேலே எழுதிவிட்டால் தப்பிவிடலாம் என்று யாரோ இந்தத் தரகர்மாருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உரிமம் இருக்கிறதா என்று கேட்க மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. 2008 டிசம்பரில் கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி விழுந்தபோது, பெரிய குழுமத்தின் பெயரை நம்பி உரிமம் இல்லாத இடத்தில் வைப்புப் போட்டவர்கள் வீதியில் நின்றார்கள். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறதுதான். ஆனால் தரகர் இணையத்திலா வருகிறார்? அறுவடை முடிந்த கையோடு வாசலுக்கு வருகிறார், பணிக்கொடை வங்கியில் விழுந்த கிழமை வருகிறார், கட்டாரிலிருந்து மகன் காசு அனுப்பியதும் வருகிறார். டெங்கு அறிவித்தல் ஒட்டும் கிராம சேவகர் பலகையில் அந்தப் பட்டியலையும் தமிழில் ஒட்டிவிட ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும். பொத்துவில் முதல் வாழைச்சேனை வரை நான் பார்த்த ஒரு பலகையிலும் அது இல்லை.

சரி, தரகர் காட்டும் கடுதாசிகளுக்கு வருவோம். “கம்பனி அரசாங்கத்தில் பதிந்தது” என்று ஒரு சான்றிதழ் காட்டியிருப்பார், பீ.வீ. என்று தொடங்கும் இலக்கத்தோடு. அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொல்லும், நல்ல பிள்ளை என்று சொல்லாது. கட்டணம் கட்டிப் படிவம் நிரப்பினால் யாருக்கும் அந்த இலக்கம் கிடைக்கும். இன்னொன்று, பீ.வீ. என்றால் தனியார் கம்பனி. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனி பொதுமக்களிடம் பங்கு விற்கக் கூடாது, பங்குதாரர் தொகையும் 50 ஐத் தாண்டக் கூடாது. கம்பனியோடு சம்பந்தமில்லாத ஒரு தரகர் வீடுவீடாகப் பங்கு விற்கிறார் என்றால் அந்த ஒரு விடயமே உங்களுக்குப் போதிய எச்சரிக்கை. எத்தனை வீட்டுக்குப் போனார், ஒரு ஆளுக்கு எவ்வளவு தரகு எடுக்கிறார் என்று அவரிடம் நேரே கேளுங்கள். அந்தத் தரகும் உங்கள் 15 இலட்சத்திலிருந்துதான் போகிறது.

பங்குச் சந்தை ஆலோசனை சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைகள் ஆணைக்குழுவில் உங்கள் மாணவருக்கு அதற்கான பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வரிக் கோப்புக்கும் திட்ட அறிக்கைக்கும் அந்தப் பதிவு வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட கடுதாசி. சில வருடங்களுக்கு முன் கல்முனைப் பக்கமிருந்து ஒரு ஐயா என்னிடம் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். தங்கக் கரை போட்ட பங்குச் சான்றிதழ், முத்திரை ஒட்டிய உடன்படிக்கை, நொத்தாரிசின் கையெழுத்து, பின் திகதியிட்ட காசோலைகள் பன்னிரண்டு, எல்லாம் அடுக்காக இருந்தன. கம்பனிப் பதிவாளரிடம் அந்தக் கம்பனியின் விவரத்தை எடுத்துப் பார்த்தேன். பங்குதாரர் இரண்டே பேர், முதலாளியும் மனைவியும். ஐயாவின் பெயர் எங்கும் இல்லை. காசோலைகளில் மூன்றாவதே காசில்லாமல் திரும்பியது. ஐயா ஒன்றும் பேசாமல் கோப்பைத் திரும்பப் பைக்குள் வைத்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

பங்குதாரர் என்பதற்கு முதல் அத்தாட்சி கம்பனியின் பங்குப் பதிவேட்டில் இருக்கும் உங்கள் பெயர். புதிதாகப் பங்கு வழங்கினால் 20 வேலை நாட்களுக்குள் படிவம் 6 ஐக் கம்பனிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். பிறகு வருடாவருடம் போகும் படிவம் 15 இல் பங்குதாரர் பட்டியலில் உங்கள் பெயர் வரும். பதிவாளரிடமிருந்து சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். நொத்தாரிசு கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று ஆறுதல் அடைவது நம்முடைய ஊர்ப் பழக்கம். காணி உறுதிக்கு அது சரி. பங்கு விடயத்தில் பதிவேடுதான் பேசும்.

காசு யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். கம்பனியின் வங்கிக் கணக்குக்குப் போனால் புதுப் பங்கு, தொழில் வளர உதவும். மாணவரின் சொந்தக் கணக்குக்குப் போனால் அவர் தன் பங்கை விற்றுக் காசாக்குகிறார் என்று அர்த்தம். தரகரின் கையில் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

“பணிப்பாளராகவும் போடுகிறோம்” என்று மரியாதை காட்டினால் ஏற்காதீர்கள். பங்குதாரர் போட்ட காசைத்தான் இழப்பார். ஊழியர் சேமலாப நிதி கட்டாமல் விட்டால் பணிப்பாளர் நீதிமன்றம் ஏற நேரிடும். வங்கிக் கடனுக்குப் பிணை வைத்தால் வீடும் சேர்ந்து ஆடும்.

இதையெல்லாம் தாண்டி, ஆலோசனைக் கம்பனியில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அரிசி ஆலை என்றால் இயந்திரம் இருக்கும், காணி இருக்கும். விழுந்தாலும் விற்க ஏதாவது மிஞ்சும். ஆலோசனைக் கம்பனியின் சொத்து உங்கள் மாணவரின் மூளையும் அவருடைய தொலைபேசியில் இருக்கும் வாடிக்கையாளர் பெயர்களும்தான். நாளைக்கு அவர் கனடா போனால் அல்லது பக்கத்துத் தெருவில் வேறு பெயரில் இன்னொரு கம்பனி திறந்தால், உங்கள் 10 சதவீதத்துக்கு எதிரே நிற்பது நான்கு மேசையும் இரண்டு கணினியும். உங்களிடம் 15 இலட்சம் கேட்கிறவர்கள் அந்தக் கம்பனிக்கு ஒன்றரைக் கோடி விலை வைத்திருக்கிறார்கள்.

மகளின் வேலை பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ‘போடலாம்’ என்று சொல்லக்கூடிய ஒரே இடம் அதுதான். காசு கொடுத்தால் வேலை என்பது வேலை இல்லை, காசு தீர்ந்ததும் வேலையும் தீரும். ஆனால் பிள்ளை முதலில் சம்பளத்துக்குச் சேரட்டும். இரண்டு வருடம் வேலை செய்யட்டும். எந்த வாடிக்கையாளர் எவ்வளவு தருகிறார், யார் காசு தராமல் இழுத்தடிக்கிறார், ஏப்ரல் தொடக்கம் நவம்பர் வரை வரிக் கோப்புக்காரர் எத்தனை பேர் படியேறுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகட்டும். அவளைத் தேடியே சில வாடிக்கையாளர் வரத் தொடங்கட்டும். அதற்குப் பிறகு மாணவர் தானே வந்து, “ரீச்சர், தங்கச்சியைப் பங்காளியாகச் சேர்க்கப் போகிறேன்” என்று கேட்டால் அது வேறு கதை. அப்போதும் பங்கு அவளுடைய பெயரில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் அவளுடைய கையெழுத்தும் வேண்டும். அவள் விலகினால், கலியாணமாகி வேறு ஊருக்குப் போனால், கடைசி மூன்று வருடச் சராசரி இலாபத்தின் இத்தனை மடங்குக்கு, இத்தனை மாதத்துக்குள் முதலாளி பங்கை வாங்க வேண்டும் என்று பங்குதாரர் உடன்படிக்கையில் எழுதியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு உதவாது. உடன்படிக்கையை எழுதும் சட்டத்தரணி உங்களுடைய ஆளாக இருக்கட்டும், கம்பனியின் ஆளாக இருக்க வேண்டாம். அப்படியே என்றாலும் 15 இலட்சம் இல்லை, இரண்டு மூன்று இலட்சம். அவள் அங்கே உள்ளே உட்கார்ந்திருப்பதால்தான் அந்தக் காசுக்குக் காவல் இருக்கிறது. வெளியே களுவாஞ்சிகுடியில் இருக்கும் உங்களுக்கு அந்தக் காவல் கிடையாது.

இப்போதைக்குத் தரகரை விட்டுவிட்டு மாணவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒரு தேத்தண்ணீர் கொடுத்து மூன்று பொருள் கேளுங்கள்: கணக்காய்வாளர் கையெழுத்திட்ட மூன்று வருடக் கணக்கு, கடைசிப் படிவம் 15, பங்குப் பதிவேட்டின் பிரதி. தொழில் நேர்மையாக நடந்தால் ஒரு கிழமையில் தந்துவிடுவார். அவருடைய பெயரைச் சொல்லித் தரகர் ஊரில் என்ன பேசித் திரிகிறார் என்பது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார், உங்கள் முன்னால் இருந்து படித்த பிள்ளை.

அதுவரை காசை நிலையான வைப்பில் போட்டு வையுங்கள். உரிமம் பெற்ற வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு, அதனால் 15 இலட்சத்தை இரண்டு வங்கிகளில் பிரியுங்கள். தேசிய சேமிப்பு வங்கி என்றால் அரசாங்கமே முழு உத்தரவாதம் தருகிறது, பிரிக்கத் தேவையில்லை. முதிர்வுத் திகதியைக் கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் வருகிற மாதிரிக் கேட்டு வாங்குங்கள். மாணவர் தரும் கணக்கு ஆங்கிலத்தில்தான் இருக்கும். பிரதி ஒன்று எனக்கு அனுப்பினால் வரிவரியாகத் தமிழில் எழுதி அனுப்புகிறேன்.