நேட்டோ, ஐரோப்பா, அமெரிக்கா: கேள்வி பதில்

கேள்வி: ஐரோப்பிய நாடுகள் அமெரிக்காவுக்குத் தர வேண்டிய 2 சதவீதத்தைப் பாக்கி வைத்திருக்கின்றனவாமே?

பதில்: யாரும் யாருக்கும் பாக்கி இல்லை. நேட்டோ என்பது அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகள் பலவும் சேர்ந்த ராணுவக் கூட்டணி. அதில் ஒவ்வொரு நாடும் தன் ஜிடிபியில் (ஆண்டு மொத்த உற்பத்தியில்) 2 சதவீதத்தைத் தன் ராணுவத்துக்கே செலவிட வேண்டும் என்று 2014 வேல்ஸ் மாநாட்டில் ஒப்புக்கொண்ட இலக்கு அது. நேட்டோவின் பொது பட்ஜெட் வேறு. அது சிறிய தொகை, அதில் அமெரிக்காவும் ஜெர்மனியும் ஏறக்குறைய சமமாகத்தான் தருகின்றன.

கேள்வி: லிதுவேனியாவை ரஷ்யா தாக்கினால் அமெரிக்கப் படை தானாக வந்துவிடும் அல்லவா?

பதில்: நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமானது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு நாடும் தான் அவசியம் என்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்கிறது. படை அனுப்புவதும் அதில் அடங்கும், ஆனால் கட்டாயம் என்று எங்கும் இல்லை. போர் தொடுக்கும் அதிகாரத்தை ஒப்பந்தத்திடம் ஒப்படைக்க 1949இல் அமெரிக்க செனட் தயாராக இல்லை, அதனால் வந்த வாசகம் இது. இந்தப் பிரிவை இதுவரை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தினார்கள், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அதுவும் அமெரிக்காவுக்காக.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் வெறும் காகிதம் என்று சொல்லிவிடுங்களேன்.

பதில்: சொல்ல மாட்டேன். காகிதத்துக்குக் கனம் கொடுப்பது களத்தில் நிற்கும் ஆட்கள். பனிப்போர் காலத்தில் மேற்கு ஜெர்மனியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள், அவர்களைத் தொடாமல் சோவியத் படை மேற்கே நகரவே முடியாது. ஐரோப்பாவில் நேட்டோ படைகளின் தலைமைத் தளபதி இன்றுவரை அமெரிக்கர்தான்.

கேள்வி (மீண்டும் அவரே): செனட் அனுமதியில்லாமல் அதிபர் நேட்டோவிலிருந்து விலக முடியாது என்று சட்டமே இருக்கிறதே, பிறகென்ன பயம்?

பதில்: உண்மை, 2023 டிசம்பரில் வந்த சட்டம், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ நாடாளுமன்றத்தின் தனிச் சட்டமோ வேண்டும். ஆனால் விலகாமலே உதவி அனுப்பாமல் இருக்கலாம், அதை எந்தச் சட்டமும் தடுக்காது. போலந்தின் தலைநகர் வார்சாவும் லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸும் பயப்படுவது இதற்குத்தான்.

கேள்வி: 2 சதவீதம் கட்டாத நாட்டை நேட்டோ நீக்குமா?

பதில்: நீக்க ஒப்பந்தத்தில் வழியே இல்லை. 'கட்டுவது' பற்றி முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஆயுத நிறுவனப் பங்குகள் வாங்கலாமா?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: இவ்வளவு பணக்கார ஐரோப்பாவால் தனியாக நிற்க முடியாதா?

பதில்: பணம் இருக்கிறது. ஜெர்மனி 2022இல் 10,000 கோடி யூரோ சிறப்பு நிதி ஒதுக்கியது, 2025இல் கடன் உச்சவரம்பு விதியையே ராணுவத்துக்காகத் தளர்த்தியது. ஆனால் 2011இல் லிபியா மீது நேட்டோ நடத்திய வான்தாக்குதலை நினைத்துப் பாருங்கள்: முன்னால் நின்றது பிரான்சும் பிரிட்டனும், வானிலேயே எரிபொருள் நிரப்பியதும் உளவுத் தகவல் கொடுத்ததும் பெரும்பாலும் அமெரிக்கா, சில வாரங்களிலேயே ஐரோப்பியர்களுக்குத் துல்லிய குண்டுகள் தீரத் தொடங்கின. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சதவீதத்தைப் பார்க்காதீர்கள், எதை வாங்கினார்கள் என்று பாருங்கள். கிரீஸ் பல ஆண்டுகளாக 2 சதவீதத்தைத் தாண்டியே செலவிடுகிறது, ஆனால் அதன் கண் துருக்கி மேல்தான். நேட்டோவின் 2025 ஹேக் மாநாட்டில் ஒப்புக்கொண்ட புதிய இலக்கான 5 சதவீதத்திலும் 3.5 தான் நேரடி ராணுவச் செலவு, மீதி 1.5இல் பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு எல்லாம் வரும்.

கேள்வி: அணுகுண்டு விஷயத்தில் ஐரோப்பா தனியாக நிற்க முடியுமா?

பதில்: பிரான்சின் ஏவுகணைகள் அதன் சொந்தத் தயாரிப்பு. பிரிட்டனின் அணுகுண்டைச் சுமக்கும் ட்ரைடன்ட் ஏவுகணைகள் அமெரிக்காவில் தயாரானவை, பராமரிப்புக்கும் அங்கேதான் போக வேண்டும்.

கேள்வி: சார், அந்த 2 சதவீத பாக்கியை அமெரிக்கா எப்படி வசூலிக்கும்?

பதில்: பாக்கியே இல்லை. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: சரியான திசையில் போகும் ஒரு நடவடிக்கையையாவது சொல்லுங்கள்.

பதில்: லிதுவேனியாவில் ஜெர்மனி அமைத்துவரும் படைப்பிரிவு. 2027க்குள் சுமார் 5,000 பேர், குடும்பத்தோடு நிரந்தரமாக. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி வெளிநாட்டில் இப்படி நிரந்தரப் படை வைப்பது இதுவே முதல்முறை.